மலை ஏறப் போறீங்களா? முதல்ல திரும்புற நேரத்தைக் குறிங்க

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

மலைன்னாலே முருகன் இடம்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. எந்த உச்சியைப் பார்த்தாலும் மேலே போய் ஒரு வேல் நட்டு, கற்பூரம் ஏத்தி, ஒரு வீடியோ எடுத்துட்டு வரணும்னு கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான். இரண்டு வருஷம் முன்னாடி மாசி மாதம், நாலு பேர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். அதுக்கு மேலே காடு மூடின ஒரு உச்சி. அதோட பெயரை இங்க எழுதப் போறதில்லை. ஏன்னு படிக்கும்போதே புரியும்.

திட்டம் போட்டது நான்தான். ஆபீஸ்ல வேலைக்கு நேரம் கணிக்கிற அதே திமிரோட போட்டேன். மலை நடைக்கு நேஸ்மித் விதின்னு ஒண்ணு இருக்கு, 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 7 கிலோமீட்டர் தூரம், 450 மீட்டர் ஏற்றம். கணக்குப்படி 2 மணி 9 நிமிஷம். ஆனா அந்த விதி நல்ல பாதையில நிக்காம நடக்கிறவனுக்கு. முள்ளு, சறுக்குற சருகு, தண்ணி குடிக்க நிக்கிறது, போட்டோ எடுக்கிறது எதுவும் அதுல கிடையாது. டீ குடிச்சு, அரட்டை அடிச்சு, நாங்க நடக்க ஆரம்பிச்சதே காலை 10.15-க்கு. வனத்துறை அனுமதி வாங்கலை. ஊர்ல யார்கிட்டயும் கேட்கலை. ரெண்டும் தப்பு, காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது சட்டப்படி குற்றமும்கூட.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையை அடையவே மூணரை மணி ஆயிடுச்சு. அங்க கற்பூரம் ஏத்தினோம். ஏத்தின சுடரை ஊதி அணைக்க மனசு வரலை. எரிஞ்சு முடியட்டும்னு விட்டுட்டு இறங்கினோம். வழி ரெண்டாப் பிரியிற இடத்துல தப்பா திரும்பிட்டோம். ஆறரைக்கு இருட்டு. போன்ல சார்ஜ் இல்லை. கத்தினோம். கொஞ்ச நேரம் கழிச்சு அறுத்து முடிஞ்ச ஒரு சாமைக் காட்டு ஓரத்துல டார்ச் வெளிச்சத்தோட ஒரு பெரியவர் வந்தார். திட்டுவார்னு நினைச்சோம். அவர் முதல்ல கேட்டது, "தம்பிங்களா, மேல நெருப்பு ஏதாச்சும் வெச்சீங்களா?"

சொன்னோம். அவர் முகம் மாறிடுச்சு. எங்களை வீட்டுல விட்டுட்டு, இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அந்த இருட்டுல மேலே போயிட்டார். அந்த வீட்டு அம்மா சாமைச் சோறு போட்டாங்க. எங்களால சாப்பிட முடியலை. மாசியில அந்தப் புல்லு எப்படிக் காய்ஞ்சு கிடக்கும்னு அன்னைக்கு முழுக்க எங்க காலுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ ஞாபகம் வந்துச்சு. தேனி மாவட்டத்துல மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க அதுல போய்ச் சேர்ந்தாங்க. நள்ளிரவு தாண்டி பெரியவர் திரும்பினார். "அணைஞ்சிருச்சு"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் கை கழுவிக்கிட்டே சொன்னார்: "மேல இருக்கிறது எங்க சாமி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நாங்களே போவோம்."

ஊர் திரும்பினதும் ரொம்ப நாள் அதே நினைப்பு. அப்போதான் மலைபடுகடாம் உரையோட படிச்சேன். பத்துப்பாட்டுல முதல் பாட்டு நம்ம திருமுருகாற்றுப்படை, கடைசிப் பாட்டு இது. ரெண்டுமே ஆற்றுப்படை, அதாவது வழி காட்டுற பாட்டு. பெருங்கௌசிகனார் பாடின 583 அடி. நன்னனோட நவிரமலைப் பக்கம் போற கூத்தர்களுக்கு வழி சொல்றார். கல்வராயனுக்கு வடக்கே, செங்கம் பக்கம்தான் அந்த நாடு. அவர் சொல்றதைக் கேளுங்க: பன்றிக்கு வெச்ச பொறி வழியில இருக்கும், விடியற வரை தங்கிட்டு அப்புறம் போங்க. பாம்பு பதுங்கின குழி இருக்கும், கும்பிட்டு ஒதுங்கிப் போங்க. பாசி வழுக்கும், கோலைப் பிடிச்சுக்கோங்க. இருட்டிட்டா நடக்காதீங்க, சொந்த வீடு மாதிரி குகைக்குள்ள தங்குங்க. வழி பிரியிற இடத்துல புல்லை முடிஞ்சு அடையாளம் போடுங்க. எங்க பிரச்சினை மொத்தமும் அந்தப் புல் முடிச்சுல இருந்துச்சு! வழியில குறவர் குடியிருப்புல போய் உறவுக்காரங்க மாதிரி சாப்பிடலாம்னும் சொல்றார். வழி கேட்கிறதும் சோறு கேட்கிறதும் திட்டத்துக்குள்ளேயே இருக்கு.

நம்ம முருகன் மட்டும் என்ன? வள்ளியோட தினைப்புனத்துக்குக் கிழவனாப் போய், பசிக்குது, தாகமா இருக்குன்னு கேட்டுத்தானே நின்னார்.

இப்போ நாங்க போடுற திட்டம் பின்பக்கமிருந்து ஆரம்பிக்குது. மார்கழியில சூரியன் மறையறது 6 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. மரத்தடியில 5 மணிக்கே மங்கிடும். இறங்க 3 மணி நேரம், எதிர்பாராததுக்கு 1 மணி நேரம். ஆக, எங்க நின்னாலும் பகல் 1 மணிக்குத் திரும்பணும். ஏற நேஸ்மித் கணக்கு மாதிரி ரெண்டு மடங்கு. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி. டார்ச் தனியா, போனை நம்பக் கூடாது. பிரிவுகள்ல துணி கட்டி, இறங்கும்போது அவிழ்த்துடணும். கல்வராயன்ல 400 மீட்டர் வரை முள்காடு, 800 வரை இலை உதிர்க்கிற காடு, அதுக்கு மேல சோலை. அதனால மாசி முதல் சித்திரை வரை அந்தப் பக்கமே போறதில்லை. நெருப்பு சம்பந்தப்பட்ட எதுவும் பையில கிடையாது, விபூதி மட்டும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள்ல பழகுங்க. ஆரம்பத்துலயே 40 பாதை திறந்தாங்க. இணையத்துல பதிவு பண்ணலாம், உள்ளூர் வழிகாட்டிங்க கூடவே வருவாங்க. அதுல இல்லாத காடுன்னா வனச்சரக அலுவலகத்துல எழுத்துல அனுமதி, அப்புறம் ஊர்ல அனுமதி. ரெண்டாவது கிடைக்கலைன்னா முதலாவது இருந்தும் நான் போக மாட்டேன்.

போன மார்கழியில ரெண்டு அனுமதியும் வாங்கிட்டு, அந்த ஊர் அண்ணன் ஒருத்தரோட வேற பாதையில போனோம். அவங்க சாமி இருக்கிற உச்சி இல்லை, பக்கத்து மலை. பாதி வழியில நண்பன் ஒருத்தனுக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. 1 மணி ஆகும்போது உச்சி கண்ணுக்குத் தெரியுது, அரை மணி நேர ஏற்றம்தான் பாக்கி. யாரும் வாய் திறக்கலை. அண்ணன் என் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பினோம்.

பெரியவர் வீட்டுல சாமைக் கஞ்சி. இந்தத் தடவை சாப்பிட்டோம். சின்னசேலம் வழியா ஆத்தூர் பக்கம் வரும்போது வடசென்னிமலையில இறங்கி பாலசுப்பிரமணியரைப் பார்த்தோம். கற்பூரத்தை அங்கதான் ஏத்தினோம்.

முருகா சரணம்.