துரட்டி பிடிக்காத கேஃபர்

கேள்வி: ஆங்கிலப் படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'கேஃபர்', 'பெஸ்ட் பாய்' என்று வருகிறதே, யார் இவர்கள்? இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?
(ஈரோடு வாசகி)

பதில்: படப்பிடிப்பில் விளக்குகளுக்கெல்லாம் தலைவர் கேஃபர். ஒளிப்பதிவாளர் கேட்கும் வெளிச்சத்தை உண்டாக்கித் தருபவர். பெஸ்ட் பாய் அவருக்கு வலக்கை. அவரை இத்துடன் விட்டுவிடுவோம். கதை கேஃபரிடம்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கட்டுக்கதையை விரட்டியாக வேண்டும். அந்தக் கால ஸ்டுடியோக்களில் கூரைத் துணியையும் விளக்கையும் நீளமான கொக்கிக் கழியால் இழுத்தார்களாம். துரட்டி மாதிரியான அந்தக் கழிக்கு ஆங்கிலத்தில் 'கேஃப்' என்று பெயர். அதைப் பிடித்தவர் கேஃபர் ஆனாராம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சினிமா பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1840களிலேயே, வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரிக்கு ஆங்கிலத்தில் கேஃபர் என்று பெயர் இருந்தது. கண்ணாடி ஊதும் பட்டறையின் தலைமைக் கைவினைஞரும் கேஃபர். பிரிட்டிஷ் கால்பந்து வீரர்களுக்கு இன்றும் அவர்கள் மேனேஜர்தான் கேஃபர். இவர்களில் யார் கையில் துரட்டி? இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலித்தால் உடனே சம்பந்தம் பேசி முடித்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை எத்தனை முறை எதிர்த்து எழுதினாலும் எனக்குப் போதாது!

சொல் பிறந்த இடம் தேவாலயம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை, 'காட்ஃபாதர்', 16ஆம் நூற்றாண்டில் பேச்சில் தேய்ந்து கேஃபர் ஆனார். கிராமத்துப் பெரியவரை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பெரியவர் மெல்ல மேஸ்திரியானார், கடைசியில் விளக்குக்கும் தலைவரானார்.

அவருக்கு ஜோடி ஒருத்தி உண்டு: 'காட்மதர்' தேய்ந்து வந்த 'கேம்மர்'. 1575இல் அச்சான ஓர் ஆங்கில நாடகத்தில் கேம்மர் கர்ட்டன் என்ற கிழவியின் ஊசி தொலைகிறது. ஊரே அடித்துக்கொள்கிறது. கடைசியில் ஊசி, வேலைக்காரனின் கால்சட்டைப் பின்பக்கத்திலிருந்து அவனைக் குத்திக் காட்டிக்கொடுக்கிறது! அவ்வளவு புகழ் இருந்தும் கேம்மருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. கிழவர் மேஸ்திரியானார், கிழவி கிழவியாகவே நின்று வழக்கொழிந்தாள். இன்னொரு சொல்லுக்கு இதைவிட மோசம். ஞானப்பெற்றோரைக் குறித்த 'காட்சிப்' என்ற பழஞ்சொல், பிரசவத்துக்குத் துணை வந்த தோழிகளையும் குறித்தது. அதுதான் இன்றைய 'காஸிப்', நம் கிசுகிசு. உயிர் காக்கக் கூடி நின்ற பெண்களின் பெயர் வம்புக்குப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்று ஒரு பெண் விளக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கினால் அவரும் கேஃபர்தான். கேம்மர் என்று கூப்பிட ஆளில்லை.

கேள்வி: என் மகன் மேடைக் கச்சேரிக்கு எடுத்துப்போகும் கறுப்பு 'கேஃபர் டேப்' இதனோடு சேர்ந்ததா?
(அதே வாசகி)

பதில்: சேர்ந்ததேதான். விளக்குக்காரர்கள் வயர்களைத் தரையோடு ஒட்ட வைத்துக்கொண்ட துணி டேப் அது. வெளிச்சம் பட்டால் மினுங்காது, பிய்த்தெடுத்தால் பசை தங்காது. கத்தரிக்கோலைத் தேட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்; குறுக்கே கையாலேயே கிழியும்.