சார்புப் பாதையும் ஆதார ஸ்தானமும்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள அச்சகங்களுக்காக, விவாக அழைப்பிதழ்களையும் ஆலயத் திருவிழா அறிக்கைகளையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல்களின் மூலம் பக்கமாக்கித் தரும் மென்பொருளைப் பராமரித்துவரும் எனக்கு, இத்தொழிலுக்குப் புதியவர்களை அதிகம் தடுமாறச் செய்வது எழுத்துருவோ வர்ணமோ அன்று, ஒரு நிரல் மற்றொரு கோப்பை அழைக்கும் பாதையே என்பது அனுபவத்தில் தெளிவாயிற்று.

அடோபி நிறுவனம் உருவாக்கி, 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வாயிலாகப் பிரசித்தி பெற்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில், 'ஃபைல்' கட்டளைக்குப் பெயரை மட்டும் சார்புப் பாதையாகக் கொடுத்தால், இம்மொழி நிரல்களை இயக்கும் மென்பொருளான கோஸ்ட்ஸ்கிரிப்ட் அந்நிரல் இருக்கும் கோப்புறையில் தேடுவதில்லை. கோஸ்ட்ஸ்கிரிப்டை இயக்கும் செயலி அந்த க்ஷணத்தில் எதைத் தன் நடப்புக் கோப்புறையாகக் கொண்டிருக்கிறதோ அங்கேதான் தேடுகிறது. 'அடுத்த சந்தில் கோயில்' என்று பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி எழுதிய கடிதத்தைக் கிள்ளானில் நின்று வாசிப்பவர் வேறு சந்தில் தேடுவது போன்றதே இது. ஆகவேதான், கட்டளைத் திரையில் செவ்வனே ஓடிய நிரல், செயலிக்குள்ளிருந்து இயக்கப்பட்டதும் 'அன்டிஃபைன்ட்ஃபைல்நேம்' என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது.

இதற்காகச் செயலியின் நடப்புக் கோப்புறையையே மாற்றுவது உசிதமன்று. ஒரே சமயத்தில் பல பணிகள் நடக்கும் செயலியில் அது அனைத்துக்கும் பொதுவாகையால், ஒன்றுக்குச் செய்த உபகாரம் மற்றொன்றுக்கு அபகாரமாகும். நான் கைக்கொள்ளும் முறை, அழைக்கப்படும் கோப்புகள் உள்ள ஆதாரக் கோப்புறையின் முழுப் பாதையைச் செயலியே கணித்து, 'எஸ்' சுவிட்சின் வழியாக ஒரு சரமாக நிரலுக்குள் அனுப்புவதாகும். அதனுடன் கோப்பின் பெயரை நிரல் இணைத்துக்கொள்ள வேண்டும்; இரு சரங்களை இணைக்கும் கட்டளை மூல மொழியில் இல்லாமையால், இரண்டின் நீளத்தையும் கூட்டிப் புதிய சரம் படைத்து, 'புட்இன்டர்வல்' கொண்டு அவற்றை அதில் வைக்க வேண்டும். விண்டோஸ் பாதையின் பின்சாய்வுக்கோடு போஸ்ட்ஸ்கிரிப்ட் சரத்தினுள் விசேஷ அர்த்தம் கொள்வதால், நிரலில் எழுதும் பாதைகளில் முன்சாய்வுக்கோட்டையே பிரயோகிப்பது க்ஷேமம். பல நிரல்களுக்கும் பொதுவான கோப்புகளை மட்டும் 'ஐ' சுவிட்ச் காட்டும் கோப்புறையில் வைத்து, 'ரன்லிப்ஃபைல்' கொண்டு அழைக்கலாம்.

2019-இல் வெளிவந்த 9.50 பதிப்பு முதல் கோஸ்ட்ஸ்கிரிப்டில் பாதுகாப்பு நிலை இயல்பாகவே அமலிலிருப்பதால், பாதை சரியாயிருந்தும் அனுமதி மறுக்கப்படலாம். அப்போது, அந்நியர் தரும் கோப்புகளையும் கையாளும் நாம் பாதுகாப்பை முற்றிலும் நீக்காமல், தேவையான கோப்புறையை வாசிக்க மாத்திரம் அனுமதியளிப்பதே விவேகம். அச்சகத்திற்கு அனுப்புமுன் எந்த நிரலையும் சம்பந்தமற்ற வேறொரு கோப்புறையிலிருந்து இயக்கிப் பாருங்கள்; அங்கும் பிழையின்றி ஓடுமாயின், அது எந்தக் கணினியிலும் தன் கோப்புகளைக் கண்டடையும் என்று பெரும்பாலும் நம்பலாம்.