நுளம்புக் குடம்பிகளை இனங்காணல்

புத்தளம், கற்பிட்டி, சிலாபம் போன்ற கரையோரப் பகுதிகளில் மழை பெய்து சில நாட்களின் பின்னர், வளவில் கிடக்கும் சிரட்டை, இளநீர்க் கோம்பை, டயர், கூரைப் பீலி, சீமெந்துத் தொட்டி ஆகியவற்றின் நீரில் சிறு புழுக்கள் நெளிவதைக் காணலாம். இவை பெரும்பாலும் நுளம்பின் குடம்பிகளாகும். நீர் மேற்பரப்பில் அவை தங்கும் விதத்தை அவதானித்து, எந்த நோய் பரவக்கூடும் என்பதைக் கூறலாம்.

வாழ்க்கை வட்டம்

முட்டை → குடம்பி → கூட்டுப்புழு → நிறைவுடலி. இது பூரண உருமாற்றமாகும். வெப்பமான காலநிலையில் இவ்வட்டம் ஏறத்தாழ 7 – 10 நாட்களில் முடிவடையும். ஆகவே வாரம் ஒரு முறையாவது நீரை அகற்றுதல் வேண்டும்.

இனங்காணும் இயல்புகள்

1. அனோபிலிஸ் (மலேரியா): சுவாசக் குழாய் இல்லை. உடல் நீர் மேற்பரப்புக்குச் சமாந்தரமாகக் கிடக்கும். முட்டைகள் தனித்தனியே மிதக்கும்.

2. ஈடிஸ் (டெங்கு): குட்டையான, தடித்த சுவாசக் குழாய் உண்டு. தலை கீழாகத் தொங்கும். முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் தனித்தனியே ஒட்டியிருக்கும்.

3. கியூலெக்ஸ் (யானைக்கால் நோய்): நீண்ட, ஒடுங்கிய சுவாசக் குழாய் உண்டு. தலை கீழாகச் சாய்வாகத் தொங்கும். முட்டைகள் தெப்பம் போல் ஒன்றுசேர்ந்து மிதக்கும். அழுக்கு நீரில் அதிகம் காணப்படும்.

குழாயின் நீளத்தை ஒப்பிடக் கைவில்லையைப் பயன்படுத்துக. அடிச்சேற்றில் வாழும் சிவப்பு நிறப் புழுக்கள் நுளம்புக் குடம்பிகள் அல்ல. ஆறு கால்களுடைய தும்பியின் இளம் பருவம் நுளம்புக் குடம்பிகளை உண்பதால் நமக்கு நன்மை பயக்கும்.

கவனிக்க

உவர்நீரில் டெங்கு நுளம்பு பெருகாது எனக் கரையோர மக்கள் எண்ணுவதுண்டு. இது தவறு. இலங்கையின் கரையோரங்களில் ஓரளவு உவர்ப்பான நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே படகினுள் தேங்கிய நீரையும் அகற்றுக.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு டிசெம்பரில், புத்தளத்தின் அயல் மாவட்டமான மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் புதிய நோய்காவி கண்டறியப்பட்டது. இது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும். நோய் நீங்கினாலும் நோய்காவி நீங்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

மாதிரி வினாக்கள்

1. நீர்த்தொட்டியில் சமாந்தரமாகக் கிடக்கும் குடம்பி எது?
விடை: அனோபிலிஸ்.

2. பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும். ஏன்?
விடை: சுவரில் ஒட்டியுள்ள ஈடிஸ் முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்த நிலையில் உயிர்வாழும். மீண்டும் நீர் சேரும்போது அவை பொரிக்கும்.

3. நீரில் எண்ணெய்ப் படலம் இட்டால் உணவு உட்கொள்ளாத கூட்டுப்புழுவும் இறப்பது ஏன்?
விடை: அதுவும் மேற்பரப்பிலேயே வளியைச் சுவாசிக்கிறது. படலம் வளி கிடைப்பதைத் தடுக்கிறது.