முன்பல்லுக்கு எந்த மருந்து?

என் மகனுக்கு 9 வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் செத்துவிட்டது. வேர் இன்னும் முழுசாக வளரவில்லையாம். அதை வளரவைக்கும் சிகிச்சைக்கு ஒரு டாக்டர் மூன்று ஆன்டிபயாடிக் கலந்த பசை என்கிறார், இன்னொருவர் கால்சியம் ஹைட்ராக்சைடு என்கிறார். எது நல்லது?
– ஒரு தாய், சிங்காநல்லூர்

இரண்டு பேருமே சரியான வழியில்தான் போகிறார்கள் அம்மணி, பயப்படாதீங்க. ஆனால் முன்பல் என்பதால் என் ஓட்டு கால்சியத்துக்கே.

அந்தப் பசையில் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றும் இருக்கும். கிருமியை விரட்டுவதில் கில்லாடி. 2004-ல் பாங்க்ஸும் ட்ரோப்பும் இந்தச் சிகிச்சையைப் பிரபலமாக்கியது இதை வைத்துத்தான். வம்பு என்னவென்றால், மினோசைக்ளின் பல்லைக் கறுக்க வைத்துவிடும். பையன் வாயைத் திறந்து சிரிக்க வேண்டாமா? இன்னொன்று, பசையைக் கெட்டியாக வைத்தால் வேர் நுனியிலிருக்கும் ஸ்டெம் செல்களும் சேர்ந்து செத்துப்போகும். புது வேர் வளர அவற்றைத்தானே நம்பியிருக்கிறோம்! கால்சியம் ஹைட்ராக்சைடு கறையும் பிடிக்காது, செல்களையும் அவ்வளவாகச் சீண்டாது. ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2016-ல் பரிந்துரைத்ததும் அதைத்தான்.

பசைதான் என்று டாக்டர் நினைத்தால், மினோசைக்ளினை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அளவு மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். அமெரிக்க எண்டோடான்டிக் சங்கத்தின் கணக்கு அது.

எதை வைத்தாலும் 1 முதல் 4 வாரம் உள்ளே இருக்கும். அதுவரை அந்தப் பல்லில் முறுக்கு, கரும்பு கடிக்க விடாதீர்கள். வேர் வளர்ந்ததா என்பது எக்ஸ்ரேயில் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம்.