பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள்

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் தலைவர். எல்லா வேலையும் என் தலையில்தான். நான் ஓய்ந்தால் சங்கமும் ஓய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், ஸ்ஃபெர்ராகவால்லோ, பலெர்மோ

பதில்: உங்கள் ஊர்த் திருவிழாவையே பாருங்கள். செப்டம்பர் இறுதியில் புனித கோஸ்மாஸ், தமியான் சுரூபங்களை பக்தர்கள் வெறுங்காலோடு சுமந்து ஓடுகிறார்கள். பல தோள்கள் சேர்வதால்தான் அந்த வேகம் வருகிறது.

காமராஜர் செல்வாக்கோடு இருந்தபோதே, 1963-ல் முதல்வர் பதவியைத் துறந்தார். பக்தவத்சலம் பொறுப்பேற்றார். 1964-ல் காமராஜர் காங்கிரஸின் அகில இந்தியத் தலைவரானார். காந்தியடிகளோ போராட்ட நெருக்கடிகளுக்கு நடுவிலும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். விலகலும் ஓய்வும் இவர்களுடைய உழைப்பைக் குறைத்துவிடவில்லை.

இந்த மாதமே கணக்கு வழக்கை ஒருவரிடமும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பை இன்னொருவரிடமும் முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். முதலில் தடுமாறுவார்கள், குறுக்கிடாதீர்கள். கேட்டால் மட்டும் வழி சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது சங்கத் தொலைபேசியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு இருங்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பை இளையவர்களுக்கும் கொடுங்கள்.

நீங்கள் இல்லாத நாளிலும் சங்கம் நடந்தால், அதுவே உங்கள் தலைமைக்குக் கிடைத்த வெற்றி.