மலையேறுவார்க்குரிய உடையும் கருவியும்

கம்பம் பள்ளத்தாக்கிலும் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலும் வாழும் நமக்கு, மேற்கே நிற்கும் மலைத்தொடர் நாடோறும் கண்முன் தோன்றுவதாகும். விடுமுறையில் அதன்மீது ஏறிவர விரும்பும் மாணவர் பலர். அவர்கள் எவ்வகைப் பொருள்களைத் தேர்ந்து கொள்ளல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எப்பொருள் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நிலமும் பருவமுமேயாம். பனிநாட்டார் இதனை நன்கறிவர். சமநிலப் பனியில் செல்வோர் ஒடுங்கிய, இலேசான சறுக்குக்கட்டைகளையும், மலைச்சரிவை நாடுவோர் எஃகு விளிம்பிட்ட அகன்ற கட்டைகளையும் பூணுவர். பனி பெய்யாத நம் மலைக்கும் இவ்விதி பொருந்தும்.

முதலாவது, பாதரட்சை. கால் சற்றே பருத்திருக்கும் மாலைவேளையில், காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குதல் நன்று. விரல்நுனிக்கு முன்னே ஒரு பெருவிரலகலம் இடம் இருத்தல் வேண்டும்; இன்றேல் இறங்குகையில் நகங்கள் நசுங்கும். காய்ந்த புல் வழுக்குமாதலின், அடிப்புறம் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் உடையதாயிருத்தல் அவசியம்.

இரண்டாவது, உடை. 1,000 மீட்டர் ஏறின் சுமார் 6 பாகை வெப்பம் குறையும். கொழுக்குமலையோ 2,000 மீட்டருக்கு மேற்பட்டது. மழைக்காலத்தில் நனைந்த பருத்தி எளிதில் உலராது, உடற்சூட்டைக் கவரும். ஆதலின் விரைவில் உலரும் செயற்கையிழையைப் பலர் விரும்புவர். ஆயினும் மழைக்கு உகந்த அவ்வுடையே கோடையில் கேடாகலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் உலர்ந்த புல்லிற் பரவிய தீ, மலையேறச் சென்றோருள் 20-க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டதை நாம் மறத்தல் கூடாது. நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 பாகைக்குள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வன. பருத்தி எரியுமாயினும் உருகாது. கம்பளியோ எளிதில் தீப்பற்றாது. நனைந்தபோதும் ஓரளவு சூட்டைக் காக்கும். எனவே மெல்லிய கம்பளியே இருபருவத்திற்கும் ஏற்றதென்போம்.

மூன்றாவது, மூட்டை. தண்ணீர், கைவிளக்கு, கட்டுத்துணி, மருந்து ஆகியவை போதும். சுமை மிகுந்தால் கால் தளரும்.

இவ்வளவும் கொண்டார்க்கும் ஒன்று கூறல் வேண்டும். தீ சரிவில் மேல்நோக்கி மிக விரைந்தேறும். அதனை ஓடி வெல்லல் அரிது. அதனைத் தடுக்கவல்ல உடை எக்கடையிலும் இல்லை. ஆகவே புல் காய்ந்த மாதங்களில் மலையேறுதலைத் தவிர்ப்போமாக. ஏனைய காலங்களிலும் வனத்துறையாரின் அனுமதி பெற்று, வழியறிந்த மலைவாசி ஒருவரோடு செல்வோமாக. பொருளைத் தேர்வதற்கு முன் பருவத்தைத் தேர்தலே அறிவுடைமையாம்.