விமானியின் கட்டைவிரல்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று ஆலைகள் நிரைநிரையாய் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, 2013-ஆம் ஆண்டு முதல் ஒரகடத்தில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்துவரும் ஆலை. அவ்வண்டியில் அமர்ந்தவன் ஒலிப்பானை ஒலிக்க வேண்டின், கையை எடுத்து எங்கும் தேட வேண்டுவதில்லை. இடக்கைக் கட்டைவிரலை அசைத்தாற் போதும். விரைந்து செல்வோன் கைப்பிடியினின்று கையை எடுத்தல் ஆகாது. பாதையினின்று கண்ணை எடுத்தல் அதனினும் ஆகாது. வண்டியைச் சமைத்தோர் இதனை உணர்ந்தே விசைகளை விரலருகே வைத்தனர். போர் விமானத்தில் துப்பாக்கியைச் சுடுவிக்கும் விசையும் இக்கருத்தையே தழுவியது.

விமானத்திலிருந்து சுடுவது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. முன்னே காற்றாடி சுழலும். அதன் பின்னிருந்து சுட்டால் குண்டு அதன் அலகையே சிதைத்துவிடும். குழாய்க்கு நேரே அலகு வாராத கணத்தில் மட்டும் குண்டு வெளிப்படுமாறு துப்பாக்கியைப் பொறியோடு இணைக்கும் முறை, 1915-இல் ஜெர்மானிய விமானங்களில் வழக்கிற்கு வந்தது. பிரிட்டிஷாரின் எஸ்.இ.5ஏ விமானத்தில் இவ்விணைப்பு எண்ணெயின் அழுத்தத்தால் நிகழ்ந்தது. கல்கத்தாவிற் பிறந்த இந்திர லால் ராய் அவ்விமானத்தைச் செலுத்தி, 1918 ஜூலைத் திங்களில் பத்து வான்வெற்றிகளைப் பெற்றார். அத்திங்கள் 22-ஆம் நாள் போரில் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 19.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்றது ஹரிக்கேன் விமானம். 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பால் களத்தில் நின்ற இந்தியப் படையணியும் ஹரிக்கேன்களையே கொண்டிருந்தது. அவ்விமானத்தின் முதல் வகையில் இறக்கைக்கு நான்காக எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. விமானி பற்றும் தண்டின் உச்சியில் வளையம் போன்ற பிடி. அப்பிடியிற் கட்டைவிரல் படியுமிடத்தில் ஒரு பொத்தான். அதனை அழுத்தினால் அடைத்துவைத்த காற்று குழாய்களின் வழியே பாய்ந்து துப்பாக்கிகளை இயக்கும். சக்கரங்களின் பிரேக்குக்கும் இதே காற்றுதான். பிரேக்கின் நெம்புகோலும், சைக்கிளில் உள்ளதுபோல, அப்பிடியிலேயே இருந்தது.

ஆயினும் எளிதில் அழுத்தக்கூடிய பொத்தான் தவறுதலாகவும் அழுத்தப்படும் அன்றோ? தரையில் நிற்கும்போது விரல் தவறினால் எதிரே நிற்கும் தோழர்கள் மாள்வர். ஆகவே பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் அமைத்தனர். அதனைக் கால்வட்டம் திருப்பினால் பொத்தான் அசையாது. வளையத்தில் ‘காப்பு’, ‘சுடு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. போரிடுவோன் குனிந்து எழுத்தைப் படித்துக்கொண்டிரான். ஆதலால் வளையத்திற் சிறு பள்ளம் ஒன்றும் வைத்தனர். பள்ளம் கீழே இருந்தால் காப்பு. பக்கத்தில் இருந்தால் சுடு. இருளிலும் விரல் அதனை அறியும். போர்க்கருவிகளை வெறுப்போரும் இந்நுட்பத்தை மெச்சாதிருத்தல் அரிது.

பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 15 வினாடிகளில் குண்டுகள் அனைத்தும் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று வினாடிகளுக்கு மேல் அழுத்தாதிருக்க விரல் பழக வேண்டியதாயிற்று.

விரல் பழகியிருந்தும் கருவி கைவிடுவதுண்டு. 1965-ஆம் ஆண்டுப் போரில் இந்திய விமானிகள் செலுத்திய ‘நாட்’ என்னும் சிறு விமானத்தில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் இரண்டு இருந்தன. ஏடன் என்னும் பெயரின் பிற்பாதி என்பீல்டு என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கம். இலண்டனின் வடபகுதியில் உள்ள அவ்வூரின் அரசுத் துப்பாக்கிச் சாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்த தொடர்பினாலேயே, ஒரகடத்து வண்டியும் அப்பெயரைப் பெற்றது. அப்போரில் அப்பீரங்கிகள் பலமுறை சிக்கிக்கொண்டன. பகைவன் குறிக்குள் அகப்பட்ட வேளையில் விரல் விசையை அழுத்தும்; பீரங்கியோ வாய் திறவாது. அக்கணத்தில் வெகுளாமல், விலகிச் செல்லும் வழியை விமானி நாட வேண்டும்.

இத்தகைய நிதானத்தைக் குண்டின்றியே கற்பிக்க இயலும். ஹரிக்கேனின் இறக்கையில் ஒரு நிழற்படக் கருவியும் இருந்தது. அதே பொத்தான் அதனையும் இயக்கும். குறி தவறியதா என்பதைப் பின்னர்த் திரையிற் கண்டனர். இந்நாளில் சிமுலேட்டர் எனப்படும் மாதிரிப் பொறி அப்பணியைச் செய்கிறது. உண்மை விமானத்தில் உள்ள தண்டும் விசையும் அதே அளவில், அதே இடத்தில் இங்கும் அமைந்திருக்கும். மாணவன் விசையை அழுத்த, கணிப்பொறி குண்டுகளை ஒவ்வொன்றாய்க் கழித்துவரும். பின்னே அமர்ந்த ஆசிரியர் சொல்லாமலே பீரங்கியைச் சிக்கவும் வைப்பார். மாணவன் இரண்டாம் முறை அழுத்துவான், ஓசை எழாது. அவன் தண்டை எத்திசையில் திருப்புகிறான் என்பதையே ஆசிரியர் நோக்கியிருப்பார்.